சுமைக்குத் தோள் கொடுத்தல்



சென்னையிலிருந்து தில்லி நோக்கிச் செல்லும் புகைவண்டி, விசயவாடாவையும் கம்மத்தையும் கடந்து வாரங்கலை நோக்கி விரையும் வழியில், தோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் உண்டு. பிழைப்பை நாடி வடபுலம் வந்த நம்மில் பலர் அந்நிலையத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். நெடுந்தொலைவு செல்லும் வண்டிகள் பல அங்கே நிற்பதில்லை. நின்றாலும் நாம் இறங்குவதில்லை. கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டோ, ஊரில் விட்டுவந்த பெற்றோரை எண்ணிக்கொண்டோ இருக்கையில் அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டு மறைந்துவிடுகிறது.

அந்தச் சிற்றூரில் ஒரு தமிழர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவரும் நம்மைப் போலவே சொந்த ஊரை விட்டு வேற்றுமொழி வழங்கும் நாட்டில் குடியேறியவர்தாம். ஆனால் அவர் அங்கே சென்றது பிழைப்பை நாடியன்று. பிறர் சுமைக்குத் தோள் கொடுக்கவே சென்றார். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன், சுமை என்பது என்ன, அதற்குத் தோள் கொடுப்பது என்பது என்ன என்று சற்றே சிந்திப்போம்.

நம் நாட்டுப்புறச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல்லைப் பாவியிருப்பார்கள். உயரம் ஏறத்தாழ ஆள் தோளளவு இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனை நிறுவுவது நம் முன்னோர் வழக்கம். தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவன் ஒருவன் தனியே சுமையை இறக்கவும் இயலாது; இறக்கினால் தனியே தூக்கித் தலையில் வைக்கவும் இயலாது. யாராவது வந்து ஒரு கை கொடுக்க வேண்டும். ஆளரவமற்ற வழியில் அந்தக் கை கிடைக்காதே என்ற இரக்கத்தால் எழுந்ததே அந்தக் கல். அது சுமையைத் தானே கொண்டுசெல்வதில்லை. நடப்பவனிடமிருந்து அதைப் பறித்துக்கொள்வதுமில்லை. அவன் மூச்சு வாங்கும் மட்டும் தாங்கி நின்று, மீண்டும் அவன் எடுத்துச் செல்வதற்கு ஏற்ற உயரத்தில் வைத்திருக்கிறது. உதவி என்பதன் இலக்கணம் முழுவதும் அந்தக் கல்லில் அடங்கியிருக்கிறது என்று நாம் எண்ணுவதுண்டு.

கிறிஸ்தவ சமயத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் பவுல். அவர் கலாத்தியருக்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரத்தில், சுமையைப் பற்றி இரண்டு கட்டளைகள் உள்ளன. பிறருடைய பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பது ஒன்று. அவனவன் தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும் என்பது மற்றொன்று. மூன்று வசனங்களே இடைவெளி. படிப்போர் திகைக்கின்றனர். பிறர் சுமையை நான் சுமப்பதாயின், என் சுமையை நான் சுமப்பது எங்ஙனம்? ஒவ்வொருவனும் தன் சுமையையே சுமப்பதாயின், பிறருக்கு என் தோள் எதற்கு?

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடம் பெரிதும் சுவையானது. பவுல் எழுதிய கிரேக்க மூலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. முதற்கட்டளையில் வருவது ‘பாரோஸ்’ என்னும் சொல். நம் பாரம் என்னும் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே; இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை அல்ல. மனிதனை அழுத்தி நசுக்கும் பளுவை அச்சொல் குறிக்கும். இரண்டாம் கட்டளையில் வருவது ‘ஃபோர்டியோன்’ என்னும் சொல். ஒருவன் ஏற்றுச் செல்ல வேண்டிய மூட்டைக்கும், கப்பலில் ஏற்றும் சரக்குக்கும் அது வழங்கிற்று. மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இரண்டுமே ஒரே சொல்லாக வந்துவிட்டதனால் முரண்போல் தோன்றுகிறது. மூலத்தில் முரண் இல்லை. தன் தொழில், தன் கடமை, தன் மனச்சான்றுக்குத் தான் சொல்ல வேண்டிய விடை ஆகியவை ஒவ்வொருவனுக்கும் உரிய மூட்டைகள். அவற்றைப் பிறர் தலையில் ஏற்றுவது தகாது. நோய், சாவு, பஞ்சம், கடன், அவமானம் ஆகியவையோ ஒருவன் தனித்துத் தாங்கவொண்ணாத பளுக்கள். அவற்றின் கீழ் ஒருவனைத் தனியே நிற்கவிடுவது அதனினும் தகாது.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. பவுல் முதற்கட்டளையை எழுதுமுன் எந்தப் பாரத்தைக் கருதுகிறார் என்று பார்த்தால், அது வறுமையன்று, குற்றம். யாரேனும் தவறிவிட்டால் அவரைச் சாந்தமாகச் சீர்ப்படுத்துங்கள், நீங்களும் தவறக்கூடும் என்பதை மறவாதீர்கள் என்னும் கருத்தே அதற்கு முந்திய வசனம். வழுக்கி விழுந்தவனை நாலு பேர் முன்னிலையில் நிறுத்திக் குறைகூறுவது எளிது. அவன் எழுந்து நிற்கும் மட்டும் அருகில் நின்று, அவன் வெட்கத்தில் ஒரு பங்கைத் தானும் ஏற்பது அரிது. பணம் கொடுப்பதைவிட இதுவே பெரிய ஈகை.

பணத்தைப் பற்றியும் பவுல் பேசாமல் இல்லை. உரோமப் பேரரசன் கிளாடியசின் காலத்தில் பஞ்சம் உண்டாயிற்று. அந்தியோகியா நகரத்துக் கிறிஸ்தவர்கள் தத்தம் சக்திக்கு ஏற்றவாறு பொருள் திரட்டி யூதேயாவில் இருந்தவர்களுக்கு அனுப்பினர் என்று விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் என்னும் நூல் கூறுகிறது. பின்னர், கி.பி. 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், எருசலேமில் வறுமையுற்றிருந்தோருக்காகப் பவுல் பெரியதொரு நிதியைத் திரட்டினார். கொடுத்தவர்கள் யார்? மக்கதோனியா, அகாயா முதலிய கிரேக்க நாட்டவர். பெற்றவர்கள் யார்? யூதர். இரு சாராருக்கும் மொழி வேறு, உணவு வேறு, பழக்கம் வேறு. ஒரே பந்தியில் உட்காரலாமா என்பதே அந்நாளில் அவர்களிடையே பெரிய வழக்காக இருந்தது. அத்தகைய சூழ்நிலையில் திரட்டப்பட்ட நிதி அது.

அந்நிதியைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய மடல்களில் மூன்று செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது: மக்கதோனியர் தாமே கொடிய வறுமையில் இருந்தவர்கள்; இருந்தும் தம் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள்; கொடுக்கும் பேறு தமக்கும் வேண்டுமென்று வற்புறுத்திக் கேட்டார்கள். இரண்டாவது: ஒரே நாளில் பெருந்தொகை கொடுக்கும்படி பவுல் கேட்கவில்லை, வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி சிறிது எடுத்து வைக்கச் சொன்னார். மூன்றாவது: அரசாங்க அலுவலகங்களில் கணக்குக்கும் தணிக்கைக்கும் பழகிய நம் செவிக்கு இனிமையானது. திரட்டிய பணத்தைப் பவுல் தனியே கொண்டுசெல்லவில்லை. கொடுத்தோர் தேர்ந்தெடுத்த ஆட்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். ஆண்டவன் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் பழிக்கு இடமிருத்தல் ஆகாது என்று காரணமும் கூறினார். அறப்பணத்துக்குக் கணக்கு வேண்டா என்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக, அந்த ஈகையின் நோக்கம் ‘சமநிலை’ என்று பவுல் கூறுகிறார். இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பும். நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிரப்பும் என்பது அவர் கருத்து. கொடுப்போன் மேலே, பெறுவோன் கீழே என்னும் ஏணி அங்கே இல்லை. இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். இன்று ஒருவன் கை நீள்கிறது, நாளை மற்றவன் கை நீளும்.

இனி, தோர்ணக்கல்லுக்கு வருவோம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 17-ஆம் நாள், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊர்ச் சபையின் குரு. அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். பட்டத் தேர்வு நெருங்கிய வேளையில் நோய்வாய்ப்பட்டதனால் பட்டம் பெறவில்லை. பின்னர் இளைஞர் கிறிஸ்தவச் சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார்.

1902-ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் திரட்டித் தமிழகத்தில் தொண்டு செய்ய ஆட்களைக் கடல் கடந்து அனுப்பி வந்ததைக் கண்டார். கண்டதும் அவர் உள்ளம் நாணிற்று. திருநெல்வேலிச் சபைகள் தொகையிலும் வசதியிலும் குறைந்தவை அல்ல. மேல்நாட்டார் கொடுத்ததைப் பல்லாண்டுகளாகப் பெற்று வளர்ந்தவை. பெற்றவர்கள் கொடுக்கும் நாள் வர வேண்டாவா? இந்த வினாவோடு அவர் ஊர் திரும்பினார். அதன் விளைவாக 1903-ஆம் ஆண்டில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தோன்றியபோதும் அவர் முன்னின்றார். இந்தியரின் ஆட்கள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை.

திருநெல்வேலிச் சங்கம் தன் தொண்டுக்குத் தேர்ந்தெடுத்த களம், அந்நாளில் ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்ததும் இன்று தெலங்கானா மாநிலத்தைச் சேர்ந்ததுமான தோர்ணக்கல் பகுதி. அங்கே பேசும் மொழி தெலுங்கு. உதவியை நாடி நின்றோரில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர்; பிறர் நிலத்தில் உழைத்துக் கூலி பெற்றவர்கள். சங்கத்தின் செயலாளராக இருந்து பிறரை அனுப்பிக்கொண்டிருந்த அசரியாவின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பிறரைப் போகச் சொல்லும் நாம் போகாமல் இருப்பது தகுமா? 1909-ஆம் ஆண்டில் அவர் குருத்துவம் ஏற்றுத் தாமே தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். மனைவியார் அன்பு மாரியம்மாளும் உடன் சென்றார். தெலுங்கைக் கற்று அம்மொழியிலேயே மக்களோடு பழகினார்கள். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் அவர் சிற்றூர்களுக்குச் சென்றார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் பட்டம் அளிக்கப்பட்டது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். 1910-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள் வந்திருந்தனர். ஆசிய நாட்டினர் மிகச் சிலரே. முப்பத்தைந்து வயது நிரம்பிய அசரியா அங்கே பேச எழுந்தார். மேல்நாட்டிலிருந்து வந்த தொண்டர்கள் செய்த தியாகங்களுக்கு நன்றி கூறினார். பின்னர், ஒருவரும் எதிர்பாராத ஒன்றையும் கூறினார். பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், ஆனால் எங்களோடு பந்தியில் அமரவும் எங்களைத் தோழராகக் கொள்ளவும் உங்களிற் பலர் இன்னும் கற்கவில்லை, எங்களுக்கு வேண்டுவது நட்பு. இதுவே அவர் பேச்சின் சாரம். அவையில் சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் அம்மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் இன்றளவும் நினைவுகூரப்படுவது அந்தப் பேச்சே.

அவர் கூற்றின் கடுமையை நாம் உணர வேண்டும். எதிரே இருந்தவர்கள் கொடாதவர்கள் அல்லர், நிரம்பக் கொடுத்தவர்கள். அவர்கள் கட்டிய பள்ளிகளில் படித்தவர்தாம் அவரும். இருந்தும், கொடுத்தது போதாது என்றார். கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கொடுக்கும் முறையை மாற்றுங்கள் என்று கேட்டார். மேலே நின்றுகொண்டு கீழே நீட்டும் கை, பெறுகிறவன் வயிற்றை நிரப்பும். அவன் முதுகை நிமிர்த்தாது.

பிறரை நோக்கி இவ்வாறு கூறியவர் தம் கடமையில் எப்படி நடந்தார் என்று கேட்பது நியாயமே. தோர்ணக்கல்லில் அவர் ஏழைகளுக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை, ஏழைகளிடம் கேட்டார். கூலிக்கு உழைக்கும் குடும்பங்களிடம் போய்த் திருச்சபைக்கும், தம்மினும் நலிந்தோர்க்கும் கொடுங்கள் என்று கேட்பது கல்நெஞ்சச் செயலாகத் தோன்றலாம். அவர் அவ்வாறு கருதவில்லை. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவன் என்று ஒருவனை முடிவுகட்டுவதே அவனுக்குச் செய்யும் பெரிய அவமதிப்பு என்பது அவர் உறுதி. பணமில்லாதோர் தானியம் கொண்டுவந்தனர், கோழி கொண்டுவந்தனர், உழைப்பைத் தந்தனர். ஊரின் எல்லைக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மனிதன், தன் வயலுழைப்பின் முதற்கூறைப் பீடத்தின் முன் வைத்து நிமிர்ந்து நின்றபோது, அவனிடம் ஏற்பட்ட மாற்றத்தை எந்த நன்கொடையாலும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது. அங்கே எழுந்த பேராலயம் 1939-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. மேல்நாட்டுக் கோவில் வடிவத்தை அப்படியே பின்பற்றாமல் இந்தியக் கட்டடக் கலை மரபுகளைத் தழுவி அமைந்த கோவில் அது. 1945-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லிலேயே உயிர் நீத்தார்.

மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவ்விவாதம் நம் இன்றைய பேச்சுக்கு உரியதன்று. எந்தச் சமயத்தவரும் இவ்வரலாற்றிலிருந்து பெறக்கூடியது ஒன்றுண்டு. கொடையின் பயன் பெறுவோன் கையில் முடிவதன்று. பெறுவோனும் கொடுப்போன் ஆகும்போதே அது நிறைவெய்துகிறது.

இதே உண்மையை நம் நாட்டின் வேறொரு மூலையிலும் காணலாம். வடகிழக்கு எல்லையில், மலைகள் சூழ்ந்த மிசோரம் மாநிலத்துக்குப் பணிநிமித்தம் சென்றுள்ள தமிழர்கள் இதனை நேரில் கண்டிருப்பார்கள். 1894-இல் கிறிஸ்தவத் தொண்டர்கள் அங்கே குடியேறினர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மாநிலத்தில் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் கிறிஸ்தவர்கள். அவர்களிடையே 1910-ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் நிலவுகிறது. வீட்டுப் பெண்மணி உலையில் இடுவதற்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கிறார். ‘பூஃபாய் தம்’ என்று அதனை அவர்கள் மொழியில் கூறுவர். பிடியரிசி என்பதே பொருள். வீடுதோறும் சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் திரட்டி விற்று, அப்பணத்தைச் சமயப் பணிக்கும் தொண்டுக்கும் செலவிடுகின்றனர். இன்று அந்தப் பிடியரிசியின் மதிப்பு ஆண்டுக்குப் பல கோடி ரூபாய்.

இந்த மக்கள் பஞ்சமறியாத செல்வர்கள் அல்லர். ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே மூங்கிற்காடுகள் ஒருசேரப் பூக்கின்றன. மூங்கிலரிசியைத் தின்று எலிகள் பல்கிப் பெருகி, பின்னர் வயல்களில் புகுந்து நெல்லை அழிக்கின்றன. ‘மௌதம்’ என்னும் அந்தப் பஞ்சம் 1911-12 ஆண்டுகளிலும், 1959-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் அவர்களை வாட்டிற்று. பசியை நன்கறிந்த மக்களே பிடியரிசியை எடுத்து வைக்கிறார்கள். பவுல் சொன்ன மக்கதோனியரை இவர்கள் நமக்கு நினைவூட்டவில்லையா?

மிசோ மக்களிடம் மற்றொன்றும் உண்டு. தன்னலம் கருதாது, கேட்குமுன் பிறருக்கு உதவுதலை ‘த்லோம்ஙைனா’ என்னும் சொல்லால் அவர்கள் குறிப்பர். அது அவர்களுடைய தொன்மையான ஒழுக்கம். கிறிஸ்தவ சமயம் வருவதற்கு முன்னரே இருந்தது. வந்தபின் அதனோடு இரண்டறக் கலந்தது. 1935-இல் தோன்றிய இளைஞர் சங்கம் இவ்வொழுக்கத்தை இன்றும் பேணி வருகிறது. ஓரிடத்தில் சாவு நேர்ந்தால் அப்பகுதி இளைஞர்கள் திரண்டு குழி தோண்டுகின்றனர். துக்க வீட்டில் கூடிப் பாடித் துணையிருக்கின்றனர். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதற்கு அங்கே வழியில்லை. தோளையே கொடுக்க வேண்டும்.

தமிழ் மரபுக்கு இவை புதியவை அல்ல. பிடியரிசி நம் ஊர்களிலும் இருந்தது. திருவள்ளுவர் ‘ஈகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்பே ‘ஒப்புரவறிதல்’ என்று வேறோர் அதிகாரம் வகுத்திருப்பது கருதத்தக்கது. வறியார்க்குக் கொடுப்பது ஈகை. உலகத்தாரோடு ஒத்து, அவர்களில் ஒருவனாக நின்று வாழ்வது ஒப்புரவு. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள், பிரிந்தோர் மீண்டும் ஒன்றுபடுவதைக் குறிக்க இதே ‘ஒப்புரவு’ என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்களின் நுண்ணறிவுக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது. ஒத்து நிற்றல் இல்லாத இடத்தில் ஈகை பாதி அறமே என்பதை இரண்டு மரபுகளும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன.

இவற்றையெல்லாம் நூல்களில் படித்து அறிந்திருந்தும் நாம் தவறிய கதை ஒன்றைச் சொல்லி முடிப்பது நேர்மையாகும்.

நாம் தில்லிக்கு வந்த முதல் ஆண்டு, குளிர்காலத்தில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. இந்தி மொழி எழுத்தில் தெரிந்திருந்ததேயன்றி நாவில் வரவில்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபிய மூதாட்டி குழந்தையின் இருமலைக் கேட்டுத் தாமே கதவைத் தட்டினார். மருத்துவரை அழைத்து வந்தது அவர். இரவு முழுதும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டிருந்தது அவர். விடிந்தபின் அவர் கேட்டது ஒன்றே. குழந்தையின் பெயர் என்ன என்றார். சொன்னோம். அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துத் தம் நாவுக்கு ஏற்றவாறு திருத்திக்கொண்டார். அன்று முதல் அந்த வீடு நமக்கு அயல்வீடாக இருக்கவில்லை.

ஆண்டுகள் சென்றன. நமக்கும் வசதி வந்தது. குடியிருப்பின் வாயிலில் இரவுக் காவல் செய்த முதியவர் ஒருவர் குளிரில் நடுங்குவதைக் கண்டு ஒரு கம்பளம் கொடுத்தோம். மறு ஆண்டும் ஒன்று கொடுத்தோம். கொடுத்தபோதெல்லாம் உள்ளத்தில் நிறைவு தோன்றியதென்பதும் உண்மையே. மூன்றாம் ஆண்டு கம்பளத்தோடு சென்றபோது அங்கே வேறொருவர் அமர்ந்திருந்தார். முன்னிருந்தவர் எங்கே என்று கேட்டோம். யாரைக் கேட்கிறீர்கள், பெயர் என்ன என்றார் புதியவர். நமக்கு விடை தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் கம்பளம் கொடுத்தவர்கள், ஒருநாளேனும் அவர் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, பிள்ளைகள் உண்டா என்று கேட்கவில்லை. அவர் நோயுற்று ஊர் சென்றாரா, வேலையை இழந்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்று அறிவதற்கும் வழியில்லாமற் போயிற்று. நம்மிடமிருந்து அவருக்குக் கம்பளம் கிடைத்தது, தோள் கிடைக்கவில்லை. எடின்பரோவில் அன்று அசரியா பேசிய பேச்சு நம்மை நோக்கியே பேசியதாகத் தோன்றிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் நம்மவர்க்குள் உதவிக்கொள்வதில் குறைந்தவர்கள் அல்லர். புதிதாக வந்த இளைஞனுக்கு அறை தேடித் தருகிறோம். ஊருக்குப் போகும் அன்பரிடம் மருந்து கொடுத்தனுப்புகிறோம். சாவு வீட்டுக்குச் சோறு சமைத்து எடுத்துச் செல்கிறோம். இவை குறையாதிருக்கட்டும். ஆயினும், நாம் வாழும் ஊரின் மக்களோடு நம் கொடுக்கல் வாங்கல் எத்தகையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் மொழியில் நலம் விசாரிக்கக் கற்றோமா? வீட்டுவேலைக்கு வரும் பெண்ணின் பெயரை அறிந்த நாம், அவர் சுமக்கும் கடனை அறிவோமா? அவர் கொண்டுவந்து தரும் பண்டிகைப் பண்டத்தை மகிழ்ந்து வாங்கி அவர் எதிரிலேயே உண்டோமா, அல்லது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தோமா? கொடுப்பதற்குப் பெருந்தன்மை வேண்டுவதுபோலவே பெறுவதற்கும் பெருந்தன்மை வேண்டும். ஏழையிடமிருந்து பெற மறுப்பவன், ஏழையைத் தனக்குச் சமமாக ஏற்க மறுக்கிறான்.

செல்வம் சேர்ந்தபின் அறம் செய்வோம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து வைத்தல், உலை ஏறும் வேளையில் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தல், எதிர்ப்படும் மனிதனின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்தல் ஆகியவை எந்த நிலையினராலும் இயலும். அவனவன் மூட்டையை அவனவன் சுமக்கட்டும். நசுக்கும் பளு வந்துற்றபோது, சாலையோரத்துச் சுமைதாங்கியைப் போல் நாம் சரியான உயரத்தில் நிற்போம். மிக உயர்ந்து நின்றால் அவன் கைக்கு எட்டாது; குனிந்து நின்றால் அவன் சுமையைத் தாங்காது. அவன் தோளுக்கு நிகராக நம் தோள் இருக்க வேண்டும்.

அடுத்த முறை அந்த வழியே புகைவண்டியில் செல்லும்போது தோர்ணக்கல் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டால், எதிர் இருக்கையில் இருப்பவரை நோக்கி, உங்கள் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.